பதிவேட்டுக்கு வெளியே வாழ்ந்தவர்கள்



ஸ்பெயினில் பிரிட்டிஷ்காரர்கள் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள்? 2006-இல் இந்தக் கேள்விக்கு இரண்டு விடைகள் இருந்தன. ஸ்பெயினின் பதிவேட்டில் ஏறத்தாழ 2 லட்சத்து 75 ஆயிரம். லண்டன் ஆய்வு நிறுவனமான ஐ.பி.பி.ஆர். வெளியிட்ட மதிப்பீட்டிலோ 7 லட்சத்து 61 ஆயிரம்!

அந்தப் பதிவேட்டுக்கு ‘பத்ரோன்’ என்று பெயர். எந்த நாட்டவரானாலும், குடியிருக்கும் ஊரின் நகராட்சியில் பெயர் பதிய வேண்டும். ஆனால் வெயிலை நாடி அலிகாந்தே, மாலகா கடற்கரைகளில் வீடு வாங்கிய பிரிட்டிஷ் முதியவர்கள் பலர் பதியவில்லை. குளிர்காலம் ஸ்பெயினில், கோடை சொந்த ஊரில் என்று இருந்தவர்கள் உண்டு. ஆண்டில் 183 நாளுக்கு மேல் தங்கினால் ஸ்பெயினுக்கு வரி கட்ட வேண்டிவரும் என்று ஒதுங்கியவர்களும் உண்டு. அப்போது பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்ததால், பதியாமலே காலம் ஓடியது.

ஊர் திரும்பியவர்களின் பெயர்களோ நீக்கப்படாமல் கிடந்தன. 2013-இல் 3 லட்சத்து 85 ஆயிரமாக இருந்த கணக்கு மறு ஆண்டே சுமார் 3 லட்சமானது. பொருளாதார நெருக்கடியில் சிலர் வெளியேறியது உண்மைதான். ஆனால் நகராட்சிகள் பழைய பெயர்களைச் சரிபார்த்து நீக்கியதற்கும் இதில் பெரும் பங்கு உண்டு.

என் கவலை வேறு இடத்தில். பத்ரோனில் உள்ள தலைகளை எண்ணித்தான் நகராட்சிக்கு அரசு நிதி ஒதுக்குகிறது. அலிகாந்தே மாகாணத்தின் சான் ஃபுல்ஹென்சியோ போன்ற சிற்றூர்களில் பாதிக்கு மேல் வெளிநாட்டவர்கள். பதியாதவர் வீட்டுக் குப்பையையும் அள்ளத்தான் வேண்டும், அவர் தெருவிலும் விளக்கு எரியத்தான் வேண்டும். அதற்கான பணம் மட்டும் வராது. முதுமையில் தனித்திருப்பவர் ஒருவர் அங்கே இருக்கிறார் என்பதே நகராட்சிக்குத் தெரியாமல் போகும். இதைத்தான் என்னால் எளிதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

பிறகு பிரெக்ஸிட் வந்தது, பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு விலகியது. 2020 டிசம்பர் 31-க்குள் அங்கே குடியிருந்ததை நிரூபித்தால்தான் பழைய உரிமைகள் நிலைக்கும். இல்லையென்றால் விசா இல்லாமல் எந்த 180 நாளிலும் 90 நாள் மட்டுமே தங்கலாம். அதுவரை ஒதுங்கியிருந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். குடியிருப்பு ஆவணம் பெற்ற பிரிட்டிஷ்காரர்களின் எண்ணிக்கை 4 லட்சத்தை எட்டியது. பிரிட்டனிலிருந்து புதிதாக ஒரு கூட்டம் வந்து இறங்கியதால் ஏறிய கணக்கல்ல இது. ஏற்கெனவே இருந்தவர்கள் கண்ணுக்குத் தெரிந்தார்கள்.

அந்த 4 லட்சத்தையும் அப்படியே ஏற்க மாட்டேன். நிரந்தரக் குடியிருப்பு அட்டை பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். இடையில் நாடு திரும்பியவர் தாமாகத் தெரிவிக்காவிட்டால், அட்டை காலாவதியாகும்வரை அவரும் ஸ்பெயின்வாசியாகவே எண்ணப்படக்கூடும்.