ஒரே ஊர், இரண்டு கண்டம்

காலைச் சாப்பாட்டை ஐரோப்பாவில் முடித்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு ஆசியாவுக்குப் போக முடியுமா? துருக்கியின் இஸ்தான்புல் நகரத்தில் முடியும். ஊருக்கு நடுவே போஸ்பரஸ் நீரிணை ஓடுகிறது. எமினோனு துறையில் படகு ஏறினால் சுமார் 20 நிமிடத்தில் அக்கரை, அதாவது ஆசியா.

பிள்ளைகளோடு போகிறவர்கள் இந்தப் படகை விடவே கூடாது என்பேன். மேல்தளத்தில் உட்காருங்கள். கையில் எள் ஒட்டிய வளைய ரொட்டி இருக்கட்டும், பெயர் சிமித். அதைப் பிய்த்து வீசினால் கடற்பறவைகள் பறந்தபடியே கவ்வும்; குழந்தைகள் கத்துகிற கத்தலைக் கேட்க வேண்டுமே! சின்னக் கண்ணாடிக் கிளாஸில் தேநீர் வரும். பால் கிடையாது. இரட்டை அடுக்குக் கெட்டிலில் கீழே வெந்நீர் கொதிக்கும், மேலே டிகாக்‌ஷன் இறங்கும். இரண்டையும் கலந்து தருவார்கள். இலை, கருங்கடலோரத்து ரிஸேயில் விளைவது. தேநீர் வேண்டாம் என்கிற பிள்ளைக்கு அய்ரான் வாங்கிக் கொடுங்கள். நம்ம வீட்டு உப்பு மோர்தான், கொஞ்சம் கெட்டியாக இருக்கும்.

ஹாகியா சோபியாவையும் பார்த்துவிடுங்கள். 537-இல் தேவாலயமாக எழுந்தது, 1453-இல் மசூதியானது, பிறகு அருங்காட்சியகம், 2020 முதல் மறுபடி மசூதி. அத்தனை பெரிய குவிமாடத்துக்கு நடுத்தூணே இல்லை!

பொருள் வாங்க, 15-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய கூரை போட்ட பெரிய சந்தை இருக்கிறது. உள்ளே 60-க்கும் மேற்பட்ட தெருக்கள். தாராளமாகப் பேரம் பேசலாம். பிள்ளைகள் கையை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு விடுமுறை. டிக்கெட் போடும்போதே அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.