கல் ஒருபுறம், குழி ஒருபுறம்



ரோமப் பேரரசின் கடைசி நூற்றாண்டுகள் என்றதும் பேரரசர்களும் பேராயர்களும்தான் நம் பாடப்புத்தகத்தில் வருகிறார்கள். வயலில் நின்றவரையும் பேரீச்சங்குலை அறுத்தவரையும் தேடுகிறவர்கள் இடுகாட்டுக்குத்தான் போக வேண்டும். அப்படிப்பட்ட இரண்டு நாட்டுப்புற இடுகாடுகளைப் பற்றி இன்று பேசுகிறேன்.

முதலாவது ஜோர்டானில், சாக்கடலுக்குத் தென்கிழக்கே இருக்கிறது. கோர் எஸ்-ஸாஃபி என்று இன்று வழங்கும் ஊருக்கு அன்றைய பெயர் ஸோவாரா. கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 400 மீட்டர் பள்ளத்தில் கிடக்கும் ஊர் அது. மாதபா நகரத் தேவாலயத் தரையில் ஆறாம் நூற்றாண்டில் பதித்த நிலப்படம் அதைப் பேரீச்ச மரங்களோடு காட்டுகிறது. அங்கே இறந்தவர்களின் தலைமாட்டில் மணற்பாறைப் பலகை நட்டார்கள். கிரேக்க எழுத்தைச் செதுக்கி, பள்ளத்தில் சிவப்பு வண்ணம் தீட்டினார்கள். பெயர், தந்தை பெயர், வயது, ஆண்டு, மாதம், நாள் எல்லாம் அதில் இருக்கும். பல கற்களில் கிழமைகூட உண்டு. நாம் இன்றும் சொல்கிற அதே ஏழு கோள்களின் வரிசைதான். துணிவாயிரு, சாகாதவர் யாருமில்லை என்று இறந்தவருக்கே ஆறுதல் சொல்லும் கற்களும் உண்டு.

இவற்றில் சில கற்கள் என் மனத்தை விட்டு அகலுவதில்லை. 106இல் ரோமர்கள் அரேபிய மாகாணத்தை அமைத்ததிலிருந்து இந்த ஊரார் ஆண்டுகளை எண்ணினார்கள். அந்தக் கணக்கில் 258ஆம் ஆண்டு, ஆர்டெமிசியோஸ் மாதம் 28ஆம் நாள், நிலநடுக்கத்தில் இறந்தவர்கள் என்று அந்தக் கற்கள் சொல்கின்றன. நம் கணக்கில் அது 363 மே 18. பெட்ரா நகரைக் குலைத்த அதே நிலநடுக்கம். அந்தப் பேரழிவில் மாண்ட எளிய மனிதர்கள் சிலரின் பெயர் வேறெந்த ஏட்டிலும் இல்லை, இந்தப் பலகைகளில் மட்டும் இருக்கிறது.

இந்தக் கிரேக்கக் கற்கள் பெரும்பாலும் கிறிஸ்தவர்களுடையவை. அதே ஊரில் யூதர்களும் இருந்தார்கள். அவர்களுடைய கற்கள் அரமேய மொழியில் இருக்கின்றன. ஏழாண்டுக்கு ஒருமுறை நிலத்தைத் தரிசாக விடும் சுழற்சியில் அது எத்தனையாவது ஆண்டு, எருசலேம் ஆலயம் இடிந்து எத்தனை ஆண்டு என்று அவற்றில் குறித்திருக்கிறார்கள். பழைய யூத நாட்காட்டியை ஆராய்பவர்களுக்கு இவை பெரும் புதையல். ஆனால் யூதரும் கிறிஸ்தவரும் அருகருகே படுத்திருந்தார்களா, ஆளுக்கொரு பக்கமா என்று கேட்டால் கற்கள் பேச மறுக்கின்றன. காரணம், அவற்றில் பெரும்பாலானவை அகழாய்வில் கிடைத்தவை அல்ல. பானைக்கும் நகைக்கும் ஆசைப்பட்டு இடுகாட்டைக் குழி குழியாகத் தோண்டியவர்கள் கற்களைப் பிடுங்கி விற்றார்கள். மைமாரிஸ், கிரிட்டிகாகு-நிகொலரோபூலு என்ற இரு கிரேக்க அறிஞர்கள் முந்நூறுக்கும் மேற்பட்ட கிரேக்கக் கற்களைப் படித்து 2005இல் நூலாக்கினார்கள். அந்தப் பெருமுயற்சியால் பெயர்கள் தப்பின. ஆனால் எந்தக் கல்லுக்குக் கீழே எந்த உடல் கிடந்தது என்பது போனது போனதுதான்.

இரண்டாவது எகிப்தில். பாயூம் பகுதியில், பழைய பிலடெல்பியா ஊரை ஒட்டிய ஃபாக் எல்-கமூஸ் இடுகாட்டில் கதை நேர்மாறு. பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தார் 1981 முதல் அங்கே அகழ்ந்து வந்தார்கள். ரோமர் காலம் தொடங்கி பைசாந்தியக் காலம் வரை அங்கே புதைத்திருக்கிறார்கள். ஒரே குழியில் ஒருவர்மேல் ஒருவராக உடல்கள் கிடக்கின்றன. லினன் துணியால் சுற்றி, முகத்தின்மேல் துணியை மடித்துத் திண்டுபோல் உயர்த்தி, நாடாவால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியிருக்கிறார்கள். தலைமாட்டில் பெயர் எழுதிய கல் இல்லை. அடியில் கிடப்பவர்களுக்குக் கிழக்கே தலை, மேலே கிடப்பவர்களுக்கு மேற்கே தலை. உயிர்த்தெழும் நாளில் கிழக்கு நோக்கி எழ வேண்டும் என்ற கிறிஸ்தவ நம்பிக்கை பரவியதன் அடையாளம் இது என்கிறார்கள் அகழ்ந்தவர்கள். எப்போது மாறியது என்பதில் இன்னும் வாதம் நடக்கிறது. தலை இருக்கும் திசையை மட்டும் வைத்து ஒருவரின் சமயத்தை முடிவுகட்டுவது எனக்கு உடன்பாடில்லை. ஆனால் இந்த வாதமே நடக்க முடிகிறதென்றால், எது மேலே, எது கீழே என்று தூரிகையும் அளவுநாடாவுமாக உட்கார்ந்து எழுதிவைத்தவர்களால்தான்.

2014இல் இதே இடுகாட்டில் பத்து லட்சம் மம்மிகள் என்று உலகப் பத்திரிகைகள் கொட்டி முழக்கின. எகிப்தியத் தொல்பொருள் துறை அதை மறுத்தது. குடலை எடுத்துப் பதப்படுத்திய பழைய எகிப்திய மம்மிகள் அல்ல இவை. மணல் உலர்த்திய ஏழைகளின் உடல்கள். அவர்களை எண்ணிக்கையாக்கி வியப்பது அவர்களுக்குச் செய்யும் மரியாதை அல்ல.

ஸோவாராவில் பெயர் கிடைத்தது, உடல் கைவிட்டுப் போனது. பாயூமில் உடல் கிடைத்தது, பெயர் இல்லை. இனி எந்த நாட்டுப்புற இடுகாட்டிலும் குழியும் கல்லும் பிரியாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு, அகழ்பவர்களுக்கு மட்டுமல்ல, வாங்குபவர்களுக்கும் உண்டு. கோர் எஸ்-ஸாஃபியில் இப்போது ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அந்தக் கற்களில் பலவற்றை ஊராரே போய்ப் பார்க்க முடிகிறது. தனியார் கைகளில் இருக்கும் கற்களும் அங்கே திரும்ப வேண்டும் என்பது என் கோரிக்கை. உடனே முடியாதென்றால், எழுத்தைப் படியெடுக்கவாவது அறிஞர்களுக்குக் கதவைத் திறந்துவிட வேண்டும்.