புகைபோக்கியும் நமது கோரிக்கையே



1952 டிசம்பரில் லண்டன் நகரை நிலக்கரிப் புகை ஐந்து நாட்கள் மூடியது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. புகைக் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் வீட்டு அடுப்பை மாற்றும் செலவில் பெரும்பங்கை அரசும் உள்ளூராட்சி மன்றங்களும் ஏற்றன. ஏழையின் தலையில் மட்டும் அதைக் கட்டவில்லை.

நமது லயங்களில் என்ன நடக்கிறது? மலையிலிருந்து இறங்கிய தாய்மார் ஈர மிலாறை ஊதி ஊதி எரிக்கிறார்கள். அதே காம்பராவில் பிள்ளைகள் படிக்கிறார்கள். இருமிக்கொண்டே வகுப்புக்கு வருகிறார்கள்.

அடுப்பைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்றைப் பார்ப்போம். முதலாவது, விறகு. கவ்வாத்து மிலாறை மழை படாமல் அடுக்கி, நன்றாகக் காயவைத்தே எரிப்போம். இரண்டாவது, அடுப்பு. இரண்டு பானை வைக்கும் 'அனகி' மண் அடுப்பு விறகை மிச்சப்படுத்தும். ஆனால் அதற்குப் புகைபோக்கி கிடையாது. ஆகவே மூன்றாவது, கூரைக்கு மேலே புகையைக் கொண்டுபோகும் புகைபோக்கி.

மிலாறைக் காயவைப்பது நம் வேலை. லயத்தின் கூரையும் சுவரும் தோட்டத்துக்குச் சொந்தம். புகைபோக்கி போடுவது நிர்வாகத்தின் கடமை. ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் இதை எழுத்தில் கொடுப்போம். மாதர் அணி முன்னே நிற்கட்டும்.