ஏடும் எழுதுகோலும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில், ஹட் பேயில் நிகழ்த்திய பேச்சு)

 

இரயில் ஓடாத தீவில் இரயில்வே குமாஸ்தாவுக்கு என்ன வேலை என்று ஜெட்டியில் இறங்கியபோதே ஓர் அன்பர் கேட்டார். வேலை ஒன்றுமில்லை, அதனாற்றான் வந்தோம். இரயில்வே பாஸ் கடலில் செல்லாது என்பதையறிந்து, பணம் கொடுத்துச் சீட்டு வாங்கி, சென்னையிலிருந்து மூன்று நாள் கப்பலிலும், போர்ட் பிளேரிலிருந்து (2024 முதல் அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர்) மேலும் 120 கிலோ மீட்டர் கடல் கடந்தும் வந்திருக்கிறோம். ‘நாம்’ என்று பேசுவது பெருமைக்காக அன்று. மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்து, நாற்பது வயதைத் தாண்டி, பேரேட்டுக்குள் கதைப் புத்தகத்தை மறைத்து வைத்திருக்கும் குமாஸ்தாக்கள் தமிழ்நாட்டில் ஒரு கூட்டமே உண்டு. அவர்கள் எல்லோருக்குமாகப் பேசுவதாக எண்ணிக் கொள்ளுங்கள்.

படிப்பதிலும் எழுதுவதிலும் நமக்குள்ள ஆசையைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். ஆசை வந்த வழி மிக எளியது. நம் தந்தையார் தண்டவாளம் பார்க்கும் காங்மேன். வீட்டில் அச்சடித்த தாள் என்றால், மளிகைச் சாமான் கட்டி வந்த பொட்டலத் தாள்தான். அன்னையார் பருப்பைக் கொட்டிவிட்டுத் தாளை நம்மிடம் நீட்டி, “என்ன போட்டிருக்கிறான், படி” என்பார். அவருக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் கேட்கும் ஆவல் மிகுதி. கொலை வழக்கின் பாதி, தேர்தல் செய்தியின் கால், ஜோசியத்தில் மீன ராசி மட்டும், இப்படி எல்லாம் துண்டு துண்டாகவே நமக்கு வந்து சேர்ந்தன. மீதியை நாமே ஊகிக்க வேண்டும்.

பின்னர் அண்டை வீட்டு ஸ்டேஷன் மாஸ்டரின் மனைவியார், வாரப் பத்திரிகைகளிலிருந்து கிழித்தெடுத்துத் தைத்து அட்டை போட்ட தொடர்கதைகளை நமக்குப் படிக்கக் கொடுத்தார். அந்தக் காலத்துத் தமிழ்க் குடும்பங்களில் இவ்வழக்கம் பரவலாக இருந்தது. இங்கே உள்ள மூத்தோருக்கு நினைவிருக்கும். பக்கத்துக்குப் பக்கம் விளம்பரமும் துணுக்கும் குறுக்கிடும்; கதாநாயகி மயங்கி விழும் இடத்தில் பல்பொடி விளம்பரம் வரும். அத்தொகுப்புகளுள் ஒன்றில் கடைசி இரண்டு அத்தியாயங்களைக் காணோம். ஸ்டேஷன் மாஸ்டருக்கு மாற்றலாகி அவர்கள் ஊரைவிட்டுப் போயும் விட்டனர். கதை முடியாமல் எத்தனை நாள் பொறுப்பது? கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் நாமே முடிவை எழுதினோம். அன்னையாருக்குப் படித்துக் காட்டியபோது, “அவளை ஏன் சாக விட்டாய்?” என்று கேட்டார். மறுபடி எழுதினோம். இரண்டாவது முடிவில் அவள் பிழைத்தாள். அன்று பிடித்த பேனாவை இன்றுவரை கீழே வைக்கவில்லை.

இரயில்வேயில் சேர்ந்தபின் படிப்பதற்கு இரவு டூட்டி வாய்த்தது. சிறிய நிலையத்தில் நள்ளிரவு வண்டி போனால் அடுத்த வண்டி விடியற்காலையில்தான். பார்சல் கணக்கை முடித்துவிட்டால் விளக்கு நமக்கு, அமைதி நமக்கு. பெரிய நிலையங்களில் ஹிக்கின்பாதம்ஸ் கடை இருக்கும். 1844இல் சென்னையில் தோன்றிய அந்நிறுவனம் தென்னாட்டு இரயில் நிலையங்களில் நடத்திய புத்தகக் கடைகளில் நின்றபடியே படித்துப் பண்டிதரானவர் பலர். சம்பள நாளன்று ஒரு புத்தகம் என்பது நமது விதி. மனைவியார் இவ்விதியை ஒப்புக் கொண்டதற்குக் காரணம், நம்மிடம் வெற்றிலை, புகையிலை இரண்டும் இல்லாமையே.

எழுதும் குமாஸ்தாக்களைப் பற்றிச் சொல்லப் புகுந்தால், முதலில் சொல்ல வேண்டியவர் கு. அழகிரிசாமி. 1923இல் கோவில்பட்டிக்கு அருகே இடைசெவலில் பிறந்தார். பள்ளிப் படிப்போடு நின்று, சார்பதிவாளர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தார். பத்திரம் எழுதுவதைவிடக் கதை எழுதுவது மேலென்று உத்தியோகத்தை விட்டுப் பத்திரிகைக்குப் போனார். (இதை மட்டும் யாரும் பின்பற்ற வேண்டாம், அவருக்குத் திறமை இருந்தது.) 1952இல் கடல் கடந்து கோலாலம்பூர் சென்று, ‘தமிழ் நேசன்’ இதழில் பணியாற்றினார். ஏறத்தாழ ஐந்தாண்டுகள் அங்கே இருந்த காலத்தில், புதிதாக எழுதத் தொடங்கிய மலாயாத் தமிழரைக் கூட்டி வைத்துப் பேசினார். அவர்களுடைய கதைகளைப் படித்துத் திருத்தங்கள் சொன்னார். தாய்நாட்டைப் பிரிந்து தோட்டங்களுக்குப் போன மக்களிடையே, அவர்கள் வாழ்வை அவர்களே எழுதலாம் என்ற துணிவை ஊட்டியவர்களுள் அவர் ஒருவர். ஹட் பேயில் நின்று பேசும்போது அவர் நினைவு வருவது இயல்பன்றோ?

அவர் எழுதிய ‘அன்பளிப்பு’ என்ற கதையைப் படித்தவர்கள் மறக்க மாட்டார்கள். புத்தகம் என்றால் உயிரை விடும் குழந்தைகள் சிலர். அவர்களுக்குப் பிடித்த பெரியவர் ஒருவர் இரண்டு குழந்தைகளுக்கு மட்டும் டைரி பரிசளிக்கிறார். சாரங்கன் என்ற ஏழைப் பையனுக்குக் கிடைக்கவில்லை. அவன் கோபிக்கவில்லை, அழவில்லை. பின்னொரு நாள் அவரைத் தன் வீட்டுக்கு அழைத்து உபசரித்து, தானே வாங்கி வைத்திருந்த டைரியை எடுத்து நீட்டி, தனக்கு அன்பளிப்பு என்று அதில் எழுதித் தரச் சொல்கிறான். கதை அவ்வளவே. 1970இல், நாற்பத்தேழு வயது நிறையுமுன், அழகிரிசாமி காலமானார். அவ்வாண்டுச் சாகித்திய அக்காதெமிப் பரிசு அவர் மறைவுக்குப் பின் இக்கதையின் பெயர் தாங்கிய தொகுதிக்குக் கிடைத்தது. வீட்டுக்கு ஒரு சாரங்கன் இருக்கிறான் என்பது நமது துணிபு. நாம்தான் அவனை மறந்து போகிறோம்.

வரும் வழியில் செல்லுலார் சிறையைப் பார்த்தோம். 1896 முதல் 1906 வரை கட்டிய சிறை. 690க்கும் மேற்பட்ட தனியறைகள். அங்கே செல்வோர் தூக்கு மேடையையும் செக்கையும் பார்த்துக் கண் கலங்குவர். நமக்கு வேறொன்று கண்ணில் பட்டது. அறையின் சாளரம் எட்டாத உயரத்தில் இருக்கிறது. மாலை ஆறு மணிக்குக் கதவைப் பூட்டினால் விடியும்வரை இருள். எழுத்துத் தெரிந்தவனுக்கு அந்த இருள் எத்தகைய தண்டனை என்று நின்று எண்ணிப் பார்த்தோம்.

1933ஆம் ஆண்டு மே 12இல் அங்கிருந்த அரசியல் கைதிகள் உண்ணாவிரதம் தொடங்கினர். நல்ல உணவு கேட்டார்கள். அது யாரும் கேட்பது. அதனோடு அறையில் விளக்கும், படிக்கப் புத்தகமும், செய்தித்தாளும் கேட்டார்கள். குழாய் வழியே வலுக்கட்டாயமாகப் பால் புகட்டியதன் விளைவாக மகாவீர் சிங், மோகன் கிஷோர் நாமதாஸ், மோஹித் மைத்ரா ஆகிய மூவர் அம்மாதத்திலேயே மாண்டனர். மற்றவர்கள் விடவில்லை. 46ஆம் நாள், ஜூன் 26இல், போராட்டம் முடிந்தது. விளக்கு வந்தது, நூல்கள் வந்தன, வகுப்புகள் நடந்தன. கல்லூரி மாணவர்களாய்ச் சிறை புகுந்தவர்கள் அங்கே வரலாறும் பொருளாதாரமும் பயின்றனர். 1938ஆம் ஆண்டின் தொடக்கத்திற்குள் அவர்கள் எல்லோரும் தாயகம் திருப்பி அனுப்பப்பட்டனர்.

படிக்க ஒரு விளக்கு வேண்டுமென்று மூன்று பேர் உயிர் விட்ட தீவுக் கூட்டம் இது! இன்று நம் வீடுகளில் பொத்தானைத் தட்டினால் விளக்கு எரிகிறது. அதன் கீழே என்ன செய்கிறோம் என்பதை அவரவரே சொல்லிக் கொள்ளட்டும்.

நம்மவரிலும் அத்தகையோர் உண்டு. 1908இல் தண்டனை பெற்ற வ. உ. சிதம்பரனார், கோயம்புத்தூர்ச் சிறையில் செக்கிழுத்தது எல்லோருக்கும் தெரியும். அந்தச் சிறைவாசத்தில்தான் ஜேம்ஸ் ஆலனின் நூலை ‘மனம்போல வாழ்வு’ என்று தமிழாக்கினார் என்பதும், ‘மெய்யறம்’ இயற்றினார் என்பதும் அத்தனை பேருக்குத் தெரியாது. பகலெல்லாம் மாட்டின் வேலையைச் செய்த கை, ஓய்ந்த நேரத்தில் எழுதுகோலைத் தேடியது.

இனி உங்கள் தீவைப் பற்றி ஒரு சொல். இந்தத் தீவின் பழங்குடியினராகிய ஓங்கிகள், 2011ஆம் ஆண்டுக் கணக்குப்படி 101 பேர்தாம். அவர்கள் மொழிக்கென்று பழைய எழுத்து வடிவம் இல்லை. வடக்கே, பெரிய அந்தமானியரின் மொழிகளுள் ஒன்றாகிய ‘போ’ மொழியைப் பேசிய கடைசி மனிதர் போவா என்ற மூதாட்டி. அவர் 2010ஆம் ஆண்டு ஜனவரி 26இல் இறந்தார். மொழியறிஞர் அன்விதா அப்பி அவருடைய பேச்சையும் பாட்டையும் முன்னரே பதிவு செய்திராவிட்டால், ஓர் இனம் பல்லாயிரம் ஆண்டு பேசியது ஓர் இரவில் மண்ணுக்குள் போயிருக்கும்.

தமிழுக்கு அந்த ஆபத்து இல்லை என்பீர்கள். தமிழுக்கு இல்லை, ஒரு குடும்பத்தின் தமிழுக்கு உண்டு. நமக்கு விருந்தளித்த வீட்டில் ஒரு பையன் தமிழ், இந்தி, வங்காளி மூன்றும் சரளமாகப் பேசுகிறான். நம்மை வாயடைக்கச் செய்கிறான். ஆனால் தமிழ் எழுத்து அவனுக்குத் தெரியாது. அவன் பாட்டியார், செம்பனைத் தோட்ட வேலைக்குக் கணவரோடு இளவயதில் இங்கு வந்தவர். அவருக்கும் எழுத்துத் தெரியாது. ஊரிலிருந்து அவருடைய தாயார் ஆள் வைத்து எழுதுவித்த கடிதங்களை, அக்கம் பக்கத்தார் படித்துச் சொல்லக் கேட்டு, ஒரு தகரப் பெட்டியில் சேர்த்து வைத்திருந்தாராம். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது வீட்டோடு பெட்டியும் போயிற்று.

“போனால் என்ன தம்பி? எல்லாம் மனப்பாடம்” என்றார் அவர். சொல்லுங்கள் அம்மா என்றோம். சொன்னார். ‘சுகம், சுகத்திற்குப் பதில்’ என்று தொடங்கி, சிவப்புப் பசு கன்று ஈன்றது, தம்பிக்குப் பெண் பார்த்தது, மழை பொய்த்தது எல்லாம் வரிசையாக வந்தன. “நீ கடலுக்கு நடுவே இருக்கிறாயாமே, உப்புக்காவது பஞ்சமிராது” என்று ஒரு தாய் மகளுக்கு எழுதுவித்த வரியைக் கேட்டபோது நாம் பேனாவை நிறுத்திக் கண்ணைத் துடைத்துக் கொண்டோம். இரண்டு கடிதங்களை எழுதி முடிப்பதற்குள் இரவு பதினொரு மணி. மீதம் எத்தனை என்று கேட்டோம். விரல் விட்டு எண்ணி, முப்பதுக்கு மேலிருக்கும் என்றார். நமது கப்பலோ நாளை மறுநாள்.

மேடையிலே தமிழ் வாழ்க என்று முழங்குவதில் நமக்குக் குறைவில்லை. நமக்கு அதில் நம்பிக்கை குறைவு. அந்த முப்பது கடிதங்களை யார் எழுதப் போகிறார்கள் என்பதே நமது கேள்வி. இது போன்ற மூதாட்டிகள் இந்த மன்றத்திலேயே எத்தனை பேர் அமர்ந்திருக்கிறீர்கள்? கப்பலேறிய நாள், காடு வெட்டிய நாள், கடல் வந்த நாள், இவற்றைப் பண்டிதர் எழுத வேண்டுமென்று காத்திருந்தால் நடவாது. இடைசெவலில் அழகிரிசாமியோடு அதே ஆண்டில் பிறந்த கி. ராஜநாராயணன் உயர்நிலைப் பள்ளியைக் கடக்காத விவசாயி. முப்பது வயதைத் தாண்டிய பின்னரே கதை எழுதத் தொடங்கினார். தன் ஊரார் வாயில் புழங்கிய சொற்களைப் பொறுக்கிச் சேர்த்துக் கரிசல் வட்டாரத்துக்கென ஓர் அகராதியே செய்தார். 1991இல் அவருக்கும் சாகித்திய அக்காதெமிப் பரிசு வந்தது. பல்கலைக் கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்துக் கொண்டது. இந்தியும் வங்காளியும் கலந்து, கப்பலும் காடும் கலந்து நீங்கள் பேசும் தமிழுக்கு அகராதி செய்ய யாராவது ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினால் போதும்.

படிப்பதற்கும் அவ்வாறே. நூலகக் கட்டடம் எழும்பட்டும், அரசு மானியம் வரட்டும் என்று இராமல், சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன் காலத்தில், 1931இல், மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு மாட்டு வண்டியிலேயே நூலகம் போயிற்று. புத்தகம் ஆளைத் தேடிப் போக வேண்டும் என்பது அவர் கொள்கை. இங்கே மாட்டு வண்டி வேண்டா. நேதாஜி நகர் வரை போகும் பஸ்ஸில் ஒரு பை போதும்.

நாம் வரும்போது ஒரு மரப்பெட்டி கொண்டு வந்தோம். அதில் 62 புத்தகங்கள். பாதி சிறுவர்க்கானவை, அரிச்சுவடி பன்னிரண்டு. பட்டியலை நமது கைப்பட எழுதி மூடியின் உட்புறம் ஒட்டியிருக்கிறோம். இந்த ஊர் மழையில் தாள் பூஞ்சணம் பிடிக்கும்; இராமபாணப் பூச்சிக்கோ அட்டையின் பசை கற்கண்டு. ஆகவே வசம்பும் காய்ந்த வேப்பிலையும் துணியில் முடிந்து மூலைக்கு ஒன்றாக வைத்திருக்கிறோம். மழைக் காலத்தில் மாதமொரு முறை மாற்ற வேண்டும், வெயில் கண்ட நாளில் பெட்டியைத் திறந்து நிழலில் காற்றாட வைக்க வேண்டும். வெயிலிலேயே காய வைத்தால் தாள் ஒடியும். எடுத்துப் போகிறவர் பெயரைக் குறிக்க ஒரு நோட்டும், பாட்டியார் சொன்ன இரண்டு கடிதங்களை எழுதிய நோட்டும் அதற்குள்ளே இருக்கின்றன. இரண்டாவது நோட்டில் 94 பக்கங்கள் வெறுமையாக உள்ளன. சாவி செயலாளரிடம் இருக்கிறது. நாடகத்துக்கு நேரமாகிவிட்டது, பிள்ளைகள் பொறுத்தது போதும்.