தலைவலிக்குக் காரணம் தலையிலா?



மரத்திலிருந்து விழுந்து முதுகுத் தண்டு முறிந்து, மார்புக்குக் கீழே உணர்ச்சியற்றுக் கிடப்பவரைப் பார்த்து, "பாதி உடம்பு செத்துவிட்டது" என்று சொல்லுகிறோம். இது எவ்வளவு தப்பென்பதையும், அந்தத் தப்பு உயிரையே வாங்கக் கூடியதென்பதையும் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லுகிறேன்.

இருதயம் அடிப்பதும், வியர்வை சுரப்பதும், ரத்தக் குழாய்கள் சுருங்கி விரிவதும் யாரைக் கேட்டு நடக்கின்றன? இவற்றிற்கென்றே தானாக இயங்கும் நரம்புகள் இருக்கின்றன. மூளை அவற்றிற்கு மேலதிகாரி. மார்புப் பகுதியின் 6-வது முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலேயோ தண்டுவடம் அறுபட்டால், மேலதிகாரியின் உத்தரவு கீழே போவதில்லை. ஆனால், கீழேயுள்ள தண்டுவடம் சாகவில்லை. அது தன்னிஷ்டப்படி வேலை செய்கிறது.

மூத்திரப்பை நிரம்பிவிட்டதென்று வைத்துக் கொள்ளுங்கள். அவருக்குத் தெரியாது, அவருடைய தண்டுவடத்துக்குத் தெரியும். உடனே வயிற்றிலும் காலிலும் ரத்தக் குழாய்கள் இறுகி, ரத்த அழுத்தம் மளமளவென்று ஏறுகிறது. குழாய்களைத் தளர்த்தும்படி மூளை இடும் உத்தரவு முறிந்த இடத்தோடு நின்றுவிடுகிறது. முதுகுத் தண்டின் வழியாகப் போகாத வேகஸ் நரம்பு மாத்திரம் உத்தரவைக் கொண்டு சேர்ப்பதால், பெரும்பாலும் நாடி மெதுவாகிறது. முகம் சிவந்து, நெற்றி வியர்த்து, மண்டை பிளக்கிறது. காலோ வெளுத்துச் சில்லிட்டிருக்கிறது!

இது ஊகமல்ல. இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் 1944-ல் இப்படிப்பட்டவர்களுக்கென்றே தனிப் பிரிவு ஏற்படுத்திய டாக்டர் குட்மான், விட்டரிட்ஜ் என்பவரோடு சேர்ந்து, மூத்திரப்பை விரியும்போது என்ன நேருகிறதென்று அளந்து பார்த்து 1947-ல் வெளியிட்டார்.

சரி, என்ன செய்வது? தலைவலிதானே என்று படுக்க வைக்காதீர்கள். நிமிர்த்தி உட்கார வைத்துக் காலைத் தொங்கவிடுங்கள். இடுப்புத் துணியைத் தளர்த்துங்கள். மூத்திரக் குழாய் மடங்கியிருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு மலச்சிக்கல், படுக்கைப் புண், சதையில் ஏறிய நகம் இவைகளைக் கவனியுங்கள். காரணம் நீங்கினால் அழுத்தம் இறங்கும். இறங்காவிட்டால் ஒரு நிமிஷமும் தாமதியாமல் டாக்டரிடம் கொண்டு போங்கள். தாமதித்தால் மூளையில் ரத்தக் குழாய் வெடிக்கலாம்.

இன்னொன்று. கழுத்தெலும்பு முறிந்தவருக்குச் சாதாரணமாகவே மேல் அழுத்தம் 90 முதல் 110 வரைதான் இருக்கும். மற்றவர்களுக்குப் பயமில்லாத 130 அவருக்கு அபாயம். ஆகவே அவருடைய வழக்கமான அளவை எழுதி வைத்துக் கொண்டு, அதை டாக்டரிடம் காட்டுங்கள்.

வேப்பிலை அடித்தாலும் தைலம் தடவினாலும் மூத்திரப்பை காலியாகுமா தோழர்களே? நோய் கத்துகிற இடம் ஒன்று, காரணம் இருக்கிற இடம் வேறொன்று. கத்துகிற இடத்தை விட்டுக் காரணத்தைத் தேடுங்கள் என்று கேட்டுக் கொண்டு முடித்துக் கொள்ளுகிறேன்.