தங்கத்தில் ஒரு பல் பாலம்

ஒரு பல் விழுந்துவிட்டால், அதன் இரு பக்கத்துப் பற்களையும் சற்றே ராவி, கேப் மாட்டி, நடுவே செயற்கைப் பல்லை நிறுத்துகிறார்கள் பல் டாக்டர்கள். ‘பிரிட்ஜ்’ என்பது இதைத்தான். நேற்று வந்த வைத்தியம் என்று நினைத்துவிடாதீர்கள். 2,500 ஆண்டுகளுக்கு முன்பே இத்தாலியில் எட்ரஸ்கர்கள் என்ற மக்கள் இதைச் செய்தார்கள். மெல்லிய தங்கப் பட்டையை வளைத்துப் பக்கத்துப் பற்களில் மாட்டி, இடையில் மாற்றுப் பல்லைப் பொருத்திவிடுவார்கள். கல்லறைகளில் கிடைத்தவற்றில் பெரும்பாலானவை பெண்களுடையவை என்கிறார்கள் ஆய்வாளர்கள். கடிப்பதற்கா, காட்டுவதற்கா? எனக்கென்னவோ இரண்டாவதுதான் என்று தோன்றுகிறது. தங்கமாயிற்றே!

ரோமிலும் இந்தப் பழக்கம் இருந்தது. கி.மு. 450 வாக்கில் எழுதப்பட்ட பன்னிரண்டு பலகைச் சட்டம், இறந்தவரோடு தங்கத்தைச் சேர்க்கக் கூடாது என்றது. பல்லைக் கட்டியிருக்கும் தங்கத்துக்கு மட்டும் விலக்கு. அதைப் பிடுங்காமல் அப்படியே புதைக்கலாம், எரிக்கலாம்.