தாய்ப்பாலும் தாய்க்குத் துணையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவையொட்டி, மாதர் பகுதியினர் சார்பில் ஆற்றப்பெற்ற உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியமும் இசையும் இடம்பெறுவது வழக்கம். மாதர் பகுதியினராகிய நாம் இன்று எடுத்துக்கொண்டுள்ள பொருளோ, வீட்டின் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு நடைபெறுவது. பிறந்த குழந்தைக்கு முதல் சில வாரங்களில் பாலூட்டுவதில் நேரும் இடர்ப்பாடுகளும் அவற்றைக் கடக்கும் வழிகளுமே அப்பொருள். “பசுவுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? இதில் பேச என்ன இருக்கிறது?” என்று சிலர் எண்ணக்கூடும். பாலூட்டுதல் இயற்கையே, ஆயினும் இயற்கையானவை யாவும் கல்லாமல் வந்துவிடுவதில்லை. நடப்பதும் இயற்கைதான், அதைக் குழந்தை விழுந்து எழுந்து, ஒருவர் கைபிடித்தே கற்கிறது.

முற்காலத்தில் இக்கல்வி வீட்டிலேயே கிடைத்தது. தலைப்பிரசவத்திற்குத் தாய்வீடு சென்ற பெண்ணின் அருகே தாயும் பாட்டியும் அத்தையும் சித்தியும் இருந்தனர். குழந்தையை எடுத்து மார்போடு அணைத்து வைக்கவும், அழுதால் காரணம் கூறவும் பழகிய கைகள் இருந்தன. பிழைப்பை நாடி இம்மும்பை மாநகரில் குடியேறியுள்ள நமக்கு அவ்வசதி குறைவு. ஊரிலிருந்து தாய் ரயிலேறி வந்தாலும் ஒரு மாதத்தில் திரும்ப வேண்டியிருக்கிறது. சில வீடுகளில் அதுவும் வாய்ப்பதில்லை. கணவர் வேலைக்குச் சென்றபின் இரண்டு அறைகளுக்குள் இளந்தாயும் பச்சிளங் குழந்தையுமே எஞ்சுகின்றனர். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, குழந்தை விடாது அழும் ஓர் இரவில், “பால் போதவில்லை” என்ற சொல் அவ்வீட்டில் பிறக்கிறது. மறுநாள் காலையில் மாவுப்பால் டின் வந்து சேர்கிறது. அந்த இரவில் விஷயம் அறிந்த ஒருவர் அருகே அமர்ந்திருந்தால், பல வீடுகளில் அந்த டின்னுக்கு வேலையே இராது. இதுவே நாம் இன்று சொல்ல விழைவது.

மருத்துவமனையில் சொல்லித்தர மாட்டார்களா என்று கேட்கலாம். 2019–21ஆம் ஆண்டுகளில் நடத்தப்பெற்ற தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் நூற்றுக்கு ஏறக்குறைய 89 பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்தன. ஆனால் பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் நூற்றுக்கு 42 பேர் மட்டுமே. பிரசவத்திற்கு இடம் கிடைத்துவிட்டது; பாலூட்டக் கற்பிக்க ஆள் போதவில்லை என்பது இதிலிருந்து விளங்கும்.

முதலில் சீம்பாலைப் பற்றிக் கூறுவோம். முதல் இரண்டு மூன்று நாட்களில் சுரக்கும் பால் மஞ்சள் நிறமாய், கெட்டியாய், மிகச் சிறிதளவாய் இருக்கும். இதனைக் “கெட்ட பால்” என்று கருதிப் பீய்ச்சிக் கொட்டும் வழக்கம் சில குடும்பங்களில் இருந்தது. நோயை எதிர்க்கும் பொருள்கள் நிறைந்த அப்பாலே குழந்தையின் முதல் தடுப்பு மருந்து. முதல் நாளில் குழந்தைக்கு ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி அளவே போதும். இரைப்பை அவ்வளவு சிறியது. ஆகவே, குறைவாக வருகிறதே என்று அஞ்ச வேண்டுவதில்லை. அறுவைச் சிகிச்சையால் பெற்ற தாயும், மயக்கம் தெளிந்து உடல்நிலை இடங்கொடுத்தவுடன் படுத்தவாறே பாலூட்டலாம். பெரியோர் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ நாவில் தடவிச் சேனை தொடும் வழக்கம் நம்மிடையே உண்டு. அன்பினால் எழுந்த வழக்கமே எனினும், இதனை விட்டுவிடுதல் நலம். தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரியின் வித்துகள் ஓராண்டு நிறையாத குழந்தையின் குடலில் வளர்ந்து, உடலைத் தளரச் செய்யும் கொடிய நோயை உண்டாக்க வல்லவை.

அடுத்தது, முலைக்காம்பில் வலியும் வெடிப்பும். முதல் வாரத்தில் தாய்மார் மிகுதியாகக் கூறும் குறை இதுவே. “பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்” என்பதே பெரும்பாலும் கிடைக்கும் பதில். அது சரியன்று. குழந்தையின் வாய் சரியாகப் பொருந்தவில்லை என்பதையே வலி அறிவிக்கிறது. குழந்தை காம்பை மட்டும் கவ்வக் கூடாது. காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் பெரும்பகுதியும், குறிப்பாகக் கீழ்ப்பகுதி, வாய்க்குள் செல்ல வேண்டும். அதற்குத் தாய் முதுகுக்குத் தலையணை வைத்து நன்கு சாய்ந்து அமர வேண்டும். குழந்தையின் தலையும் உடலும் ஒரே நேராய் இருக்க, அதன் வயிறு தாயின் வயிற்றோடு பொருந்த வேண்டும். காம்பினால் குழந்தையின் மேலுதட்டைத் தொட்டால் அது வாயை அகலத் திறக்கும். அப்போது குழந்தையை மார்புக்குக் கொண்டுவர வேண்டுமேயன்றி, மார்பைக் குனிந்து குழந்தையிடம் கொண்டுசெல்லலாகாது. மோவாய் மார்பைத் தொட்டிருக்க, கீழுதடு வெளிப்புறமாக மடிந்திருக்க, கன்னம் குழியாமல் உப்பியிருந்தால் பொருத்தம் சரி. விழுங்கும் ஓசையும் கேட்கும். வலி நீடித்தால், சுண்டுவிரலைக் குழந்தையின் கடைவாயில் மெல்லச் செலுத்திப் பிடியை விடுவித்து, மீண்டும் வைக்க வேண்டும். வெடிப்புக்குத் தாய்ப்பாலிலேயே இரண்டு சொட்டுத் தடவிக் காற்றாட விடுதல் நன்று. காம்பைச் சோப்பிட்டுக் கழுவுதல் கூடாது. அது தோலை உலர்த்தி வெடிப்பை மிகுவிக்கும்.

சிலருக்குக் காம்பு தட்டையாகவோ உள்ளடங்கியோ இருக்கும். இதனைக் கண்டதும் “உனக்குப் பால் கொடுக்க வராது” என்று தீர்ப்புக் கூறிவிடும் உறவினர் உண்டு. குழந்தை உறிஞ்சுவது மார்பையேயன்றிக் காம்பை மட்டுமன்று. ஆதலால் பெரும்பாலோர் சற்றுப் பொறுமையுடன் வெற்றி பெறுகின்றனர். நம் நாட்டு மருத்துவமனைகளில் ஊசி மருந்து ஏற்றும் சிரிஞ்சியின் முனையை வெட்டி, உள்தண்டைத் திருப்பிச் செருகி, வழுவழுப்பான பக்கத்தைக் காம்பின்மேல் வைத்து மெல்ல இழுத்துக் காம்பை வெளிக்கொணரும் எளிய முறையைக் கையாள்கின்றனர். செவிலியரிடம் கேட்டால் செய்து காட்டுவர்.

மூன்றாம் நாளையொட்டிப் பால் பெருகும்போது மார்பு கல்லெனக் கனத்துப் பால் கட்டிக்கொள்வதுண்டு. கருவட்டம் இறுகிவிடுவதால் குழந்தையால் கவ்வ இயலாது. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைச் சிறிது நேரம் வைத்து, கையால் சிறிதளவு பீய்ச்சிக் கருவட்டத்தை இளக்கியபின் குழந்தையை வைக்க வேண்டும். ஊட்டியபின் குளிர்ந்த துணி வைத்தால் வீக்கம் தணியும். முரட்டுத்தனமாகப் பிசைதல் ஆகாது. மார்பில் ஓரிடம் சிவந்து, தொட்டால் நொந்து, தாய்க்குக் குளிர்காய்ச்சல் கண்டால் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். அந்நிலையில் “கெட்டுப்போன பால்” என்று ஊட்டுவதை நிறுத்துவோர் பலர். நிறுத்தினால் பால் தேங்கி நோய் முற்றிச் சீழ்க்கட்டியாக மாறக்கூடும். அப்பால் குழந்தைக்குத் தீங்கு செய்வதில்லை, ஊட்டிவருவதே நலம்.

இனி, தலையாய அச்சத்திற்கு வருவோம். பால் போதவில்லை என்பது எவ்வாறு தெரிகிறது? “குழந்தை அழுகிறது, அடிக்கடி கேட்கிறது, மார்பு மென்மையாகிவிட்டது” என்பர். இவை மூன்றும் சான்றாகா. பிறந்த குழந்தை 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை வரை குடிப்பது இயல்பு. மாலை வேளைகளிலும், இரண்டு மூன்று வாரங்கள் ஆகும் தருவாயிலும் விடாமல் கேட்கும். அது தன் வளர்ச்சிக்கேற்பப் பாலைப் பெருக்கிக்கொள்ளும் முறை. இறைக்கிற கிணறே ஊறும் என்னும் பழமொழி இங்கு எழுத்துக்கு எழுத்து உண்மை. குழந்தை உறிஞ்ச உறிஞ்சத் தாயின் உடலில் புரொலாக்டின் என்னும் சுரப்புநீர் மிகுந்து பாலை உண்டாக்குகிறது. இரவில் அது கூடுதலாகச் சுரப்பதால் இரவில் ஊட்டுவதைத் தவிர்க்கலாகாது. ஆக்சிடோசின் என்னும் மற்றொன்று உண்டான பாலை இறக்கிவிடுகிறது; கவலையும் அச்சமும் அவமானமும் அதனைத் தற்காலிகமாகத் தடுக்க வல்லவை. “உனக்குப் பாலே இல்லை” என்னும் ஒரு சொல் பாலிறங்குவதையே தடுத்துவிடும் என்பதை மாமியார்மாரும் நாத்தனார்மாரும் கருத்திற் கொள்ள வேண்டும். இடையே டின் பால் புகுந்தால் குழந்தை உறிஞ்சுவது குறைகிறது. உறிஞ்சல் குறையச் சுரப்புக் குறைகிறது. முதலில் பொய்யாக இருந்த குறை, பத்து நாளில் மெய்யாகிவிடுகிறது.

மெய்யான சான்றுகள் எவை? ஐந்தாம் நாளுக்குப்பின் நாளொன்றுக்கு ஆறு முறையேனும் வெளிர்நிறச் சிறுநீர் கழித்தல், கருமையாய் இருந்த மலம் நான்கைந்து நாட்களில் மஞ்சளாதல், எடை கூடுதல். முதல் நாட்களில் எடை குறைவது இயல்பு. 3 கிலோ எடையுடன் பிறந்த குழந்தை 200 முதல் 300 கிராம் வரை இழந்து, இரண்டு வாரத்திற்குள் மீட்டுக்கொள்ளும். பின்னர் நாளொன்றுக்கு ஏறக்குறைய 25 முதல் 30 கிராம் வரை ஏறும். ஆதலின் அழுகையைக் கொண்டு அளவாமல், துணியையும் தராசையும் கொண்டு அளப்பீர்களாக. பத்தில் ஒரு பங்குக்கு மேல் எடை இழந்தாலோ, சிறுநீர் அருகினாலோ, குழந்தை சோர்ந்து பால் மறுத்தாலோ, காய்ச்சல் கண்டாலோ, உடல் சில்லிட்டாலோ, மஞ்சள் நிறம் உள்ளங்கை உள்ளங்கால் வரை பரவினாலோ தாமதமின்றி மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். எப்போதும் உறங்கும் குழந்தையை முதல் வாரங்களில் மூன்று மணி நேரத்திற்கு ஒருமுறை எழுப்பி ஊட்டுதல் அவசியம்.

குறைமாதக் குழந்தையோ, உறிஞ்சும் வலிமை இல்லாத குழந்தையோ ஆனால் பாலைப் பீய்ச்சிக் கொடுக்கலாம். இதற்குப் புட்டி வேண்டா. நம் பாட்டிமார் வைத்திருந்த பாலாடையே போதும். ஊரிலிருந்து வரும்போது பெட்டியில் கொண்டுவந்த அச்சிறு கலத்தை இன்று நாடெங்கும் மருத்துவமனைகளில் பச்சிளங் குழந்தைகளுக்குப் பயன்படுத்துகின்றனர். மருத்துவ நூல்களும் நம் பெயராலேயே அதனைக் குறிக்கின்றன. ஒவ்வொரு முறையும் கொதிநீரில் இட்டுத் தூய்மை செய்ய வேண்டும். பீய்ச்சிய பாலை இந்நகரத்து வெப்பத்தில் 4 மணி நேரத்திற்குள்ளும், குளிர்ப்பெட்டியில் வைத்தால் 24 மணி நேரத்திற்குள்ளும் கொடுத்துவிடுதல் நன்று. அடுப்பில் காய்ச்சாமல், வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்துக் குளிர் நீக்கினால் போதும்.

பத்தியத்தைப் பற்றியும் ஒரு சொல். பூண்டும் கருப்பட்டியும் முருங்கைக்கீரையும் சுறாப்புட்டும் நல்லுணவே, மகிழ்ந்து உண்ணலாம். ஆனால் தண்ணீரைக் குறைப்பதும், பருப்பையும் காய்களையும் விலக்கிச் சோறும் மிளகுச்சாறும் மட்டுமே தருவதும் தாயை வாட்டும். தாகம் எடுத்த போதெல்லாம் நீர் அருந்த விடுங்கள். குழந்தைக்கோ ஆறு மாதம் வரை கோடையிலும் தண்ணீர் தேவையில்லை. தாய்ப்பாலில் நூற்றுக்கு ஏறக்குறைய 88 பங்கு நீரே.

எல்லா முயற்சியும் செய்தும் சிலருக்குப் பால் போதாமை உண்டு. தாய்க்கு நோயோ, உட்கொள்ளும் மருந்தோ தடையாகவும் இருக்கலாம். அப்போது மருத்துவர் கூறும் மாற்றுப்பாலைக் கொடுப்பது கடமை. அத்தாயைக் குறைகூறுதல் பாவம். 1989ஆம் ஆண்டிலேயே நம் சயான் மருத்துவமனையில் மருத்துவர் அர்மிடா பெர்னாண்டஸ் அவர்களின் முயற்சியால் தாய்ப்பால் வங்கி தோன்றியது. ஆசியாவில் முதலாவது என அது போற்றப்பெறுகிறது. ஒரு தாய் ஈந்த பால், பால் கிடைக்காத மற்றொரு தாயின் மெலிந்த குழந்தையைக் காக்கிறது. மாவுப்பாலையும் பால்புட்டியையும் விளம்பரம் செய்வதையும், தாய்மாருக்கு இனாமாக வழங்குவதையும் 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. 2003இல் அது மேலும் வலுவாக்கப்பெற்றது. ஆகவே கடைக்காரர் சொல்லையோ அண்டை வீட்டார் சொல்லையோ கேட்டு டின்னை வாங்காதீர்கள், மருத்துவர் சொல்லட்டும்.

நிறைவாக, நம் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். பொங்கல் விழாவுக்குப் பொருள் திரட்டுகிறோம். பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு நடத்துகிறோம். அவற்றோடு, ஒவ்வொரு காலனியிலும் பாலூட்டிப் பழகிய பெண்மணிகள் மூவர் முன்வர வேண்டும். அவர்கள் அரசு மருத்துவமனையில் தாய்ப்பால் ஆலோசனை கூறும் செவிலியரிடம் முறையாகக் கற்றுக்கொள்ளட்டும். காலனியில் குழந்தை பிறந்த செய்தி வந்தால், தொட்டில் சீர் போகும் முன்னரே அவர்களில் ஒருவர் போகட்டும். மூன்றாம் நாளும், ஏழாம் நாளும், பதினான்காம் நாளும் போகட்டும். போகும்போது ஒரு தூக்கில் சூடான ரசமும் சோறும் கொண்டுசெல்லட்டும். கைகளைக் கழுவிக்கொண்டு, தாய் உண்ணும்வரை குழந்தையை ஏந்திக்கொள்ளட்டும். பின்பு அருகே அமர்ந்து குழந்தையின் வாய் பொருந்துகிறதா என்று பார்க்கட்டும். பிரசவித்த சில நாட்களில் காரணமின்றிக் கண்ணீர் வருவது பலர்க்கும் இயல்பு. இரண்டு வாரம் கடந்தும் துயரம் நீங்கவில்லையாயின், அதனைச் சோம்பல் என்று எண்ணாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லட்டும். கணவன்மார் செய்யக்கூடியதும் உண்டு: இரவில் குழந்தையை எடுத்துக் கொடுத்தல், துணி மாற்றுதல், வருகின்ற விருந்தினரின் வாயை அடக்குதல்.

வெளியூரில் வாழும் நமக்குச் சங்கமே தாய்வீடு என்று மேடைதோறும் கூறிவருகிறோம். இன்றிரவும் ஏதேனும் ஒரு காலனியில் ஓர் இளந்தாய் அழும் குழந்தையுடன் விழித்திருப்பாள். விருப்பமுள்ள சகோதரிகள் கூட்டம் முடிந்ததும் மாதர் பகுதிச் செயலாளரிடம் தம் பெயரைப் பதிவு செய்யுமாறு வேண்டிக்கொள்கிறோம்.